ஸ்காட்லாந்து – இங்கிலாந்து எல்லைக் குன்றுகளில் ரோடு சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, ஊருக்குள் சைக்கிள் ஓட்டிப் பழகி, அடுத்து குன்றுப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஸ்காட்டிஷ் பார்டர்ஸும், எல்லைக்கு அந்தப் பக்கம் நார்தம்பர்லாந்தின் வடக்கு ஓரமும்தான் இங்கே பேசும் பகுதி. சரியான சாலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இங்கே முக்கால்வாசி வேலை முடிந்தது என்பது என் கட்சி. அதனால் பதில்கள் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கும்.

ஹைலேண்ட்ஸை விட்டுவிட்டு ஏன் இங்கே?

ஸ்காட்லாந்தின் வடக்கு, வடமேற்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் மலை பெரிது, சாலை குறைவு. பல பள்ளத்தாக்குகளில் ஒரே ஒரு சாலைதான். கார், சுற்றுலா பஸ், கேம்பர் வேன், லாரி எல்லாமே அதில்தான். பார்டர்ஸில் குன்றுகள் சிறியவை, ஆனால் பண்ணைகளை இணைக்கும் சின்னச் சாலைகள் எங்கும் பின்னிக் கிடக்கின்றன. எடின்பரோவிலிருந்து தெற்கே இங்கிலாந்துக்கு ஓடும் வண்டிகளை ஏ1, ஏ68, ஏ7 என்ற மூன்று பெரிய சாலைகள் இழுத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் பி எண் சாலைகளிலும், எண்ணே இல்லாத சாலைகளிலும் வெகுநேரம் ஓட்டியும் ஒரு காரைக்கூடப் பார்க்காமல் போவது சாதாரணம்.

குன்று என்கிறீர்களே, எவ்வளவு கஷ்டம்?

இங்கே சாலை 450 மீட்டர் உயரத்துக்கு மேல் போவது மிக அரிது. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ட்வீட், யாரோ, எட்ரிக் என்று ஆறுகள் கிட்டத்தட்ட இணையாக வடகிழக்கு நோக்கி ஓடுகின்றன. ஆற்றோரமாகப் போனால் சாலை சமம்தான். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதுதான் நடுவில் இருக்கும் முதுகில் ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்றங்கள் நீளம் குறைவு, செங்குத்து அதிகம். ஒரே சீராக மூச்சை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஏறும் ஆல்ப்ஸ் வகை ஏற்றம் இங்கே கிடையாது. பத்து நிமிடம் திணறல், ஐந்து நிமிடம் இறக்கம், உடனே அடுத்தது. 80 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தம் 1,000 மீட்டர் ஏறிவிடுவது வழக்கம். கால் ஓய்ந்துபோவது பெரும்பாலும் கடைசி இருபது கிலோமீட்டரில்தான்.

என் சைக்கிளில் இருக்கும் கியர் போதுமா?

முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் இருப்பதில் பெரியது குறைந்தது 32, முடிந்தால் 34. பின்னால் 32க்குக் கீழே போகாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 34க்கு 34 கியரில் மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று, அதாவது 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 20 சதவீதச் சரிவில் (100 மீட்டர் போனால் 20 மீட்டர் உயரும்) அந்த வேகத்தைத் தக்கவைக்க 340 வாட் போல வேண்டும். பொழுதுபோக்காக ஓட்டுகிற பெரும்பாலோருக்கு அது ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆக இந்தக் கியரிலேயே எழுந்து நின்று மெதுவாக மிதிக்க வேண்டியிருக்கும். இதைவிடக் கனமான கியரோடு வந்தால் இறங்கித் தள்ளலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் மிதியில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவோடு ஈரத் தார்ச்சாலையில் தள்ளுவது பெரிய இம்சை.

எப்படிப் போய்ச் சேர்வது?

ரயில்தான். எடின்பரோ வேவர்லியிலிருந்து ட்வீட்பேங்க் வரை பார்டர்ஸ் ரயில்வே ஓடுகிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1969இல் மூடப்பட்ட பழைய தடத்தின் வடபகுதியை மறுபடி போட்டு 2015 செப்டம்பரில் திறந்தார்கள். ட்வீட்பேங்கிலிருந்து மெல்ரோஸ் கூப்பிடு தூரம். இந்தத் தடத்தில் சைக்கிளுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. இடம் மட்டும் கொஞ்சம்தான். வெயில் அடிக்கும் சனிக்கிழமை காலையில் நாலைந்து பேராகப் போனால் எல்லோரும் ஒரே ரயிலில் ஏற முடியாமல் போகலாம்.

லண்டனிலிருந்து வருபவர்கள் நேரே பெரிக்-அப்பான்-ட்வீடில் இறங்கலாம். அந்த நெடுந்தூர ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், பயணச்சீட்டு எடுக்கும்போதே செய்துவிடுங்கள். 2022இல் மறுபடி திறந்த ரெஸ்டன் நிலையமும் கிழக்குப் பக்கச் சாலைகளுக்கு வசதி.

முதல் முறை போகிறேன். ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

நான்கு மடாலயங்களைச் சுற்றும் வழி. மெல்ரோஸ், ட்ரைபரா, கெல்சோ, ஜெட்பரா ஆகிய நான்கு இடங்களிலும் 12ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடாலயங்களின் இடிபாடுகள் இருக்கின்றன. நான்கையும் இணைக்கும் வட்டம் சுமார் 88 கிலோமீட்டர், பெரும்பாலும் அமைதியான சாலைகள். சுவரைப் போல் எழும் ஏற்றம் எதுவும் இல்லை, ஆனால் அலை அலையாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஊர்ச் சாலைகளின் குணத்தைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி கிடையாது. வலுவான ஆள் என்றால் ஒரு நாள். இல்லையென்றால் கெல்சோவிலோ ஜெட்பராவிலோ ஒரு ராத்திரி தங்கி இரண்டு நாள்.

ட்ரைபராவுக்குப் பக்கத்தில் ஸ்காட்ஸ் வியூ என்ற இடத்தில் நின்று கீழே பாருங்கள். ட்வீட் ஆறு வளைந்து போவதும், அதற்குப் பின்னால் எய்ல்டன் குன்றின் மூன்று சிகரங்களும் ஒரே பார்வையில் வரும். இந்த ஊரில் அஞ்சலட்டை விற்கிறவர்கள் மிகைப்படுத்தாத ஒரே இடம் இது.

கால் கடுக்க ஏற வேண்டும். எங்கே போகலாம்?

பீபிள்ஸிலிருந்து டாலா சுற்று. மொத்தம் 85 கிலோமீட்டர் வாக்கில். என்னைக் கேட்டால் பார்டர்ஸின் மிகச் சிறந்த ஒருநாள் ஓட்டம் இதுதான்.

பீபிள்ஸிலிருந்து மேற்கே கிளம்பி, பி712இல் ஸ்டோபோ, டாய்க் தாவரவியல் தோட்டம் வழியாக ட்வீட் ஆற்றை எதிர்த்து மேலே போக வேண்டும். அப்புறம் ஏ701இல் ட்வீட்ஸ்மூர் வரை. மொத்த வழியில் வண்டிகள் வேகமாகப் போகும் பகுதி இதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுங்கள். ட்வீட்ஸ்மூரில் இடப்பக்கம் திரும்பியதும் உலகமே மாறிவிடும். எடின்பரோவுக்குக் குடிநீர் கொடுக்க 1905இல் முடித்த டாலா நீர்த்தேக்கத்தின் கரையோரமாக, ஆடாமல் அசையாமல் சில கிலோமீட்டர் சமதளம். நீர் முடியும் இடத்தில், எதிரே குன்றின் மேல் ஒரு கோடு கீறியதுபோல் சாலை தெரியும். அதில்தான் ஏற வேண்டும். நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம், சரிவு 20 சதவீதத்தைத் தொடும். நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் வரும்போதே வேகத்தைக் குறைத்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, சின்னக் கியருக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள். சரிவில் பாதி ஏறிய பிறகு, முழு எடையையும் மிதியில் போட்டுக்கொண்டு முன் கியரை மாற்றப் பார்த்தால் செயின் கழன்றுவிடும்.

உச்சிக்குப் பிறகு மெகெட் நீர்த்தேக்கம். அதன் மண் அணை ஸ்காட்லாந்திலேயே பெரியது. அங்கிருந்து செயின்ட் மேரீஸ் ஏரிக்கு இறக்கம், பிறகு ஏ708இல் கொஞ்ச தூரம், கார்டன் ஆர்ம்ஸ் சந்திப்பில் இடப்பக்கம் பி709. டிரக்வேர் வரை போகும் அந்தச் சாலையில் பேடி ஸ்லாக்ஸ் என்ற இன்னொரு ஏற்றம் இருக்கிறது. டாலாவோடு ஒப்பிட்டால் மிதமானதுதான், ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றாது. கடைசியில் ஆற்றின் தென்கரையில் பி7062 வழியாக பீபிள்ஸ்.

இதையே திருப்பி ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஓட்டலாம், நான் சொல்லமாட்டேன். குறுகலான 20 சதவீத இறக்கத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம் ஆடு படுத்திருக்கிறதா என்று தெரியாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவதில் என்ன சுகம்?

எல்லையை சைக்கிளில் கடக்க வேண்டும் என்று ஆசை. கார்ட்டர் பார் போகலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஏ68இல் 418 மீட்டர் உயரத்தில், இரண்டு பக்கமும் நாட்டின் பெயர் பொறித்த கல். படம் எடுக்க அருமையான இடம். ஆனால் லாரிகளும் கார்களும் மணிக்கு 60 மைல் வேகத்தில் உரசிக்கொண்டு போகும் சாலை அது. அந்தப் படத்துக்காக அவ்வளவு தூரம் தோளை இறுக்கிக்கொண்டு ஓட்டத் தேவையில்லை.

அதற்குப் பதில் கீழ் ட்வீடுக்குப் போங்கள். கெல்சோவுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் தொடங்கி, பெரிக் நெருங்கும் வரை ஆறுதான் எல்லை. கோல்ட்ஸ்ட்ரீமில் ஜான் ஸ்மீட்டன் 1760களில் கட்டிய கல்பாலத்தில் இங்கிலாந்துக்குள் போகலாம். லேடிகர்க் – நோரம் பாலத்தில் ஸ்காட்லாந்துக்குத் திரும்பலாம். அடுத்து யூனியன் சங்கிலிப் பாலத்தில் மறுபடி இங்கிலாந்து. ஒரே மதியத்தில் மூன்று தடவை நாடு மாறிவிடலாம். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கமாட்டார்கள்.

யூனியன் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமுவேல் பிரவுன் வடிவமைத்து 1820இல் திறந்த இரும்புச் சங்கிலித் தொங்குபாலம், நீளம் 137 மீட்டர். திறந்தபோது அந்த வகையில் உலகிலேயே நீளமானது. பழுதுபார்க்க 2020இல் மூடி, 2023இல் மறுபடி திறந்தார்கள். தேசிய சைக்கிள் வலையமைப்பின் 1ஆம் எண் தடம் இதன் மேல்தான் போகிறது. இரண்டு பக்கமும் பாலத்துக்கு இறங்கும் சாலை சரிவானது, ஓரத்தில் ஈர இலை கிடக்கும், மெதுவாக.

குன்றுதான் வேண்டும் என்றால் தெற்கே யெட்டம் கிராமத்திலிருந்து செவியட் மலையின் அடிவாரம் வழியாக மிண்ட்ரம், கர்க்நியூட்டன், உலர் என்று போகும் சாலைகள் இருக்கின்றன. எல்லை எங்கே வந்தது என்பதே தெரியாமல் கடந்துவிடுவீர்கள்.

ஆள் நடமாட்டமே இல்லாத வழி ஏதாவது?

ஹாயிக்கிலிருந்து பி6399இல் தெற்கே நியூகாசில்டன், திரும்பும்போது பி6357இல் நோட் ஓ த கேட் வழியாக பான்செஸ்டர் பிரிட்ஜ், அங்கிருந்து ஹாயிக். சுமார் 80 கிலோமீட்டர். பாதிக்கு மேல் காடும் புல்வெளியும்தான். நடுவில் சாப்பாட்டுக்கு நம்பத் தகுந்த ஒரே ஊர் நியூகாசில்டன்.

வழியில் சற்று உள்ளே தள்ளி ஹெர்மிடேஜ் கோட்டை இருக்கிறது. 1566இல் ஸ்காட்லாந்து அரசி மேரி, காயம்பட்டுக் கிடந்த பாத்வெல் பிரபுவைப் பார்க்க ஜெட்பராவிலிருந்து குதிரையில் இங்கே வந்து அதே நாளில் திரும்பினார், பிறகு கடும் காய்ச்சலில் படுத்தார் என்பது வரலாறு. சதுப்பும் குன்றுமாகக் கிடக்கும் அந்த வழியைச் சைக்கிளில் பார்த்த பிறகு காய்ச்சல் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

எல்லை தாண்டினால் சட்டம் மாறுமா?

சாலையில் பெரிதாக மாறாது. இரண்டு பக்கமும் இடப்பக்கம்தான். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள். பொழுது சாய்ந்தால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம். மணிக்கு 30 மைல் வரை வேகத்தில் முந்தும் வண்டி உங்களிடமிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் விலக வேண்டும், அதற்கு மேல் வேகம் என்றால் இன்னும் கூடுதலாக என்று 2022இல் திருத்திய நெடுஞ்சாலை விதித்தொகுப்பு சொல்கிறது.

சாலையை விட்டு இறங்கும்போதுதான் வித்தியாசம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம், திறந்த வெளியில் சின்னக் கூடாரம் அடித்துத் தங்கலாம். இங்கிலாந்தில் நடைபாதை என்று பலகை போட்ட வழியில் ஓட்டும் உரிமை கிடையாது, குதிரைப் பாதையில் உண்டு. கூடாரம் அடிக்க நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். ட்வீடின் எந்தக் கரையில் ராத்திரி தங்கப் போகிறீர்கள் என்பது இதனால் முக்கியமாகிவிடுகிறது.

ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால்?

ஆங்காங்கே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் இந்தப் பக்கமே நின்று, எதிரே வருபவரை அதற்குள் விடுங்கள். பின்னால் ஒரு டிராக்டர் பொறுமையாக வந்துகொண்டிருந்தாலும் ஒதுங்கி வழிவிடுங்கள். ஒரு கையசைப்புக்கு இந்த ஊரில் நல்ல மதிப்பு.

ஆடுகளுக்கு வேலி பல இடங்களில் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் இருக்கும். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால், குட்டி கட்டாயம் உங்கள் சக்கரத்துக்கு முன்னால்தான் குறுக்கே ஓடும். மாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் பதித்த இரும்புக் கம்பித் தடுப்பு வந்தால் நேராக, மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். மழையில் அது வழுக்கும். இறக்கத்தின் அடியில் இருக்கும் தடுப்புகளே ஆபத்து, அதனால் வேகத்தை முன்பே குறைத்துக்கொள்ளுங்கள்.

குதிரையில் போகிறவர்களைப் பின்னாலிருந்து நெருங்கினால், பெல் அடிக்காமல் வாயால் ஒரு வார்த்தை சொல்லி, வலப்பக்கமாக நன்றாக விலகிப் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர். ஜூன் கடைசியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடும். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். நீண்ட வழிகளை மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டச் சொல்வது அதனால்தான். சுற்று ஓட்டம் என்றால் காலையில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்த பிறகு அதன் உதவியோடு திரும்புங்கள். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கிழக்குக் கடற்கரைப் பக்கம் கடல் மூடுபனி ஏறிவரும். பீபிள்ஸில் வெயில் கொளுத்தும்போது கடலோர ஐமவுத்தில் பல் கிடுகிடுக்கும்.

இன்னொன்று. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஹாயிக், செல்கர்க், ஜெட்பரா, கோல்ட்ஸ்ட்ரீம் என்று ஒவ்வோர் ஊரிலும் நூற்றுக்கணக்கான குதிரைகளோடு ஊர் எல்லையைச் சுற்றிவரும் விழா நடக்கும். பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் அன்று சாலை மூடியிருக்கும், தங்க அறையும் கிடைக்காது. தேதி பார்த்துக்கொண்டு போங்கள்.

தண்ணீர், சாப்பாடு, ஃபோன்?

ஊர்களில் எல்லாம் கிடைக்கும். குன்றுக்குள் போய்விட்டால் 40 கிலோமீட்டருக்கு ஒரு கடைகூட இல்லாமல் இருக்கலாம். இரண்டு பாட்டில் தண்ணீர், கையில் தின்ன ஏதாவது கட்டாயம். கிராமத்து கஃபேக்கள் மாலை நாலு மணிக்கே கடையைக் கட்டிவிடும், வாரத் தொடக்கத்தில் சில நாள் திறப்பதே இல்லை.

ஃபோன் சிக்னல் பள்ளத்தாக்குகளில் விட்டுவிட்டுத்தான் வரும். அவசர எண் 999 அல்லது 112. பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் குறுஞ்செய்தி போய்ச்சேரலாம். அதற்கு முன்கூட்டியே 999க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் செய்தி அனுப்பி, வரும் பதிலுக்கு 'யெஸ்' சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

டயர் எது?

28 மில்லிமீட்டர், இடம் இருந்தால் 30 அல்லது 32. சாலைகள் சொரசொரப்பு, ஓரம் உடைந்திருக்கும். இலையுதிர் காலத்திலும் குளிரிலும் வேலிச் செடிகளை வெட்டும்போது முள் சாலையெங்கும் சிதறும்; ஒரே நாளில் இரண்டு பஞ்சர் ஆனால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு டியூப், பம்ப், ஒட்டுப் பெட்டி எல்லாம் வேண்டும்.

செங்குத்தான ஏற்றத்தை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சாலை மேல் ஓர் அம்புக்குறி என்றால் சரிவு 14 முதல் 20 சதவீதம், இரண்டு என்றால் அதற்கும் மேல். செயலிகள் வரையும் வழி பல நேரம் காட்டுப் பாதையில் கொண்டுபோய் விட்டுவிடும். வீட்டில் ஒரு முறை இந்த வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள்.

தொழில்முறை வீரர்கள் ஓட்டிய சாலையில் ஓட்ட முடியுமா?

முடியும். 2024 டூர் ஆஃப் பிரிட்டன் சைக்கிள் பந்தயத்தின் முதல் கட்டம் கெல்சோவில் கிளம்பி கெல்சோவிலேயே முடிந்தது. அதில் வந்த டிங்கில்டன் ஏற்றம் மெல்ரோஸ் ஊருக்குள்ளிருந்தே தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் சராசரியே 10 சதவீதத்துக்கு மேல். காலையில் காபி குடித்த கையோடு ஏறிப் பார்க்கலாம்.

பல நாள் ஓட்டமாக ஏதாவது?

2023இல் திறந்த கர்க்பேட்ரிக் சி2சி, அதாவது கரையிலிருந்து கரைக்குப் போகும் தடம். மேற்குக் கரையில் ஸ்ட்ரான்ரேரில் கிளம்பி கிழக்குக் கரையில் ஐமவுத் வரை 400 கிலோமீட்டர். மிதிசைக்கிளை முதலில் செய்தவர் என்று சொல்லப்படும் டம்ஃப்ரிஸ் பகுதிக் கொல்லர் கர்க்பேட்ரிக் மேக்மில்லனின் பெயரை வைத்திருக்கிறார்கள். முரட்டு ஆட்கள் நாலு நாளில் முடிப்பார்கள்; ஊர் பார்த்துக்கொண்டு போக எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் பிக்கரிலிருந்து ட்வீட் ஆற்றோடு பெரிக் வரை வருவது வார இறுதிக்குச் சரியாக இருக்கும். மொத்தத்தில் இறக்கம், பெரும்பாலும் காற்றும் முதுகில். பெரிக் நிலையம் மேட்டின் மேல் இருக்கிறது, ரயிலுக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.